ஐப்பசி வந்தா ஊரே காய்ச்சலைத் தேடுது: அந்த கர்வை எப்படிப் படிக்கிறது?

கூகுள் டிரெண்ட்ஸைத் திறந்து, இடம் தமிழ்நாடு, காலம் 2004 முதல் இன்று வரை என்று வைத்து, டெங்குன்னு இங்கிலீஷ்ல டைப் பண்ணிப் பாருங்க. வர்ற கோடு கிட்டத்தட்ட இ.சி.ஜி. மாதிரி இருக்கும். மழைக்காலத்தை ஒட்டி ஏறும், தை மாசி ஆனா படுத்துடும், அடுத்த வருஷம் மறுபடி ஏறும். 2017 அக்டோபர் மேடு அதுல தனியாத் தெரியும். தமிழ்நாட்டுல டெங்கு மோசமா அடிச்ச வருஷம் அது. அரசுக் கணக்குலயே 23,000 பேருக்கு மேல.

"ஆக, மக்கள் என்ன தேடுறாங்கன்னு பார்த்தே நோய் வர்றதை முன்கூட்டிச் சொல்லிடலாம்." என்னோட மினி ப்ராஜெக்ட் ப்ரொபோசல்ல முதல் வரி இதுதான். கைடும் கையெழுத்துப் போட்டுட்டார். ரிப்போர்ட் எழுதும்போது அந்த வரியை நானே அடிச்சேன். நடுவுல என்ன கத்துக்கிட்டேனோ அதை இங்க எழுதுறேன். அடுத்த வருஷம் யாராவது இதே தலைப்பை எடுப்பீங்க, நிச்சயம். டேட்டா ஃப்ரீ, சென்சார் வாங்க வேண்டாம், வேற என்ன வேணும்?

100ன்னா நூறு பேர் இல்ல

டிரெண்ட்ஸ் கர்வ் 0லேர்ந்து 100 வரைக்கும் போகும். அந்த 100, தேடினவங்க எண்ணிக்கை இல்ல. ஒரு ஊர்ல ஒரு வாரத்துல நடந்த மொத்தத் தேடல்ல உங்க சொல்லோட பங்கு எவ்வளவுன்னு முதல்ல எடுப்பாங்க. அந்தப் பங்கு எந்த வாரம் உச்சத்துல இருந்ததோ அதை 100ன்னு வச்சு மத்த வாரங்களை அதுக்கு ஏத்த மாதிரி சுருக்குவாங்க.

இதுல என்ன சிக்கல்? ஒரு கணக்குக்கு, முதல் வாரம் மொத்தத் தேடல் 1,00,000, அதுல காய்ச்சல் 200னு வச்சுக்குவோம். பங்கு 0.2 சதவீதம். அடுத்த வாரம் புயல் எச்சரிக்கை வருது. ஊரே வானிலையையும் ஸ்கூல் லீவையும் தேடுது. மொத்தம் 2,00,000 ஆயிடுது. காய்ச்சல் தேடினவங்களும் 300 ஆயிட்டாங்க. ஆனா பங்கு 0.15 சதவீதம்தான். கர்வ்ல முதல் வாரம் 100, ரெண்டாவது வாரம் 75. காய்ச்சல் தேடல் ஒன்றரை மடங்கா கூடியிருக்கு, கோடு கீழ இறங்குது. சேப்பாக்கத்துல மேட்ச் நடக்குற வாரம், பெரிய ஸ்டார் படம் ரிலீஸ் ஆகுற வாரம் எல்லாத்துலயும் இதே கதை நடக்கலாம்.

இன்னொண்ணு. கூகுள் எல்லாத் தேடலையும் எண்ணித் தர்றதில்ல, ஒரு மாதிரியை எடுத்துத்தான் கணக்குப் போடுது. அதனால இன்னிக்கு எடுத்த சி.எஸ்.வி. ஃபைலும் நாளைக்கு எடுக்குற ஃபைலும் கொஞ்சம் வித்தியாசமா இருக்கும். நான் இதை பக்குன்னு நினைச்சு ஒரு ராத்திரி முழுக்க என் கோடையே திட்டிக்கிட்டு இருந்தேன். ஏழெட்டு நாள் தனித்தனியா இறக்கி சராசரி எடுத்துக்குங்க. ரொம்பக் கம்மியா தேடப்படுற சொல்லுக்கு 0ன்னு காட்டும், அதுக்கு அர்த்தம் யாருமே தேடலைன்னு இல்ல. மயிலாப்பூர்ல ஜாஸ்தியா, அடையார்ல ஜாஸ்தியான்னும் இதுகிட்டக் கேக்க முடியாது. ஏரியா வாரியா டிரெண்ட்ஸ் பிரிச்சுத் தராது.

நம்ம ஊர் காலண்டர்

புத்தகத்துல ஃப்ளூன்னா குளிர்கால நோய். அமெரிக்காவுல டிசம்பர்லேர்ந்து பிப்ரவரி வரை அதோட ஆட்டம். நமக்குக் குளிர்காலம்னு ஒண்ணு கிடையாது, மார்கழில காலையில ஆறு மணிக்கு ஸ்வெட்டர் போட்டு எட்டு மணிக்குக் கழட்டிடுவோம். ஆனா நமக்கும் சீசன் உண்டு. இந்தியாவுல பல ஊர் ஆய்வகங்கள் சேர்ந்து பல வருஷமா சோதிச்ச மாதிரிகளை வச்சு 2015ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஸ்ரீநகர்ல ஃப்ளூ உச்சம் ஜனவரி முதல் மார்ச். டெல்லி, புனே பக்கம் தென்மேற்குப் பருவமழைக் காலம். சென்னையிலயும் வேலூர்லயும் அக்டோபர், நவம்பரை ஒட்டி, அதாவது வடகிழக்குப் பருவமழையோட. ஒரே நாடு, ஒரே வைரஸ், மூணு காலண்டர்.

இது வெறும் பொது அறிவு இல்ல. ஃப்ளூ ஊசி போட்டா எதிர்ப்பு சக்தி வர ரெண்டு வாரம் ஆகும். வீட்ல ஆஸ்துமா இருக்கிற தாத்தாவுக்குப் போடணும்னா புரட்டாசிக்குள்ள டாக்டரைக் கேட்டுடணும். அமெரிக்க கர்வைப் பார்த்து டிசம்பர்ல போனா நம்ம ஊர் சீசன்ல பாதி முடிஞ்சிருக்கும்.

டெங்குவுக்கு வருவோம். இங்க எனக்குப் பிடிச்ச கணக்கு ஒண்ணு இருக்கு. ஏடிஸ் எஜிப்டை கொசு, தேங்கின நல்ல தண்ணியில முட்டை போடுது. முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள். அந்தக் கொசு, டெங்கு வந்தவங்களைக் கடிச்சு, வைரஸ் அதோட உடம்புக்குள்ள பெருகி அடுத்தவங்களுக்குப் பரப்புற நிலைக்கு வர 8 முதல் 12 நாள். கடி வாங்கினவங்களுக்குக் காய்ச்சல் வர 4 முதல் 10 நாள். கூட்டினா 19லேர்ந்து 32 நாள். அதாவது மழைக்கும் அந்த மழையால வர்ற டெங்குவுக்கும் நடுவுல மூணுலேர்ந்து அஞ்சு வாரம் இடைவெளி இருக்கணும்.

இதை ஒரு டெஸ்டா பயன்படுத்தலாம். வடகிழக்குப் பருவமழை வழக்கமா அக்டோபர் 20 வாக்குல தொடங்கும். முதல் மழை பெய்ஞ்ச அன்னிக்கே டெங்கு தேடல் எகிறினா அது அந்த மழையோட கொசு செஞ்ச வேலை இல்ல. டி.வி.யில மாநகராட்சி புகை அடிக்கிற காட்சி ஓடியிருக்கும், அவ்வளவுதான். (ஆடி, ஆவணியில சாயங்காலம் சாயங்காலம் பெய்யற மழையையும், வருஷம் முழுக்க நம்ம வீட்டு டிரம்முல நிக்கிற தண்ணியையும் மறந்துட வேண்டாம். கொசுவுக்கு மழைதான் வேணும்னு இல்ல, மூடாத டிரம்மே போதும்.)

மழையை விட்டா வெயில். மே மாசம் கத்திரி. 2003 மே 31 அன்னிக்கு நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி செல்சியஸ் பதிவாச்சு. இந்த சீசனுக்கு நம்மகிட்ட தனி அகராதியே இருக்கு: வேர்க்குரு, வேனல் கட்டி, நீர்க்கடுப்பு, சூட்டு வலி, அம்மை. இதுல எத்தனை சொல்லுக்கு ஒத்தைச் சொல்லுல இங்கிலீஷ் தெரியும்? இங்கிலீஷ் மீடியத்துல பன்னிரண்டு வருஷம் படிச்ச எனக்கு வேர்க்குரு தவிர வேற எதுவும் வரல.

மெட்ராஸ் ஐ வந்தா என்னன்னு தேடுவீங்க?

சொல்லு விஷயத்துலதான் நிறைய ப்ராஜெக்ட் கவிழுது. கண் சிவந்து, பீளை தள்ளி, காலையில இமை ஒட்டிக்கிற அந்த நோய்க்கு மருத்துவப் பேர் கன்ஜங்டிவைட்டிஸ். அமெரிக்காவுல பிங்க் ஐ. 2023 ஜூலை, ஆகஸ்ட்ல டெல்லியில பரவினப்போ செய்தியெல்லாம் ஐ ஃப்ளூன்னு எழுதினாங்க. 1971ல வங்கத்துல பரவினப்போ அந்த ஊர்க்காரங்க வச்ச பேர் ஜெய் பங்களா. நமக்கு அது மெட்ராஸ் ஐ. 1918ல இங்க பரவினப்போ எழும்பூர் கண் மருத்துவமனையில கவனிச்சுப் பதிவு பண்ணதால வந்த பேர்னு சொல்வாங்க. அந்த மருத்துவமனை 1819ல தொடங்கினது, உலகத்துலயே ரொம்பப் பழைய கண் மருத்துவமனைகள்ல ஒண்ணு.

2022 நவம்பர்ல சென்னையில பாதி வகுப்பு கூலிங் கிளாஸோட உக்காந்திருந்த காலத்தை நினைச்சுப் பாருங்க. நம்மள்ல யாராவது கன்ஜங்டிவைட்டிஸ்னு ஸ்பெல்லிங் தப்பில்லாம தேடியிருப்போமா? நான் முதல்ல வெளிநாட்டு ஆய்வுல இருந்த சொல் பட்டியலை அப்படியே எடுத்துப் போட்டேன். அந்தக் கணக்குல சென்னைக்குக் கண் நோயே வர்றதில்ல. மெட்ராஸ் ஐன்னு மாத்தின பிறகுதான் நம்ம ஊர் தெரிஞ்சது.

இத்தனைக்கும் மெட்ராஸ் ஐ சுலபமான கேஸ். காய்ச்சலை எடுத்துக்குங்க. சிலர் ஃபீவர்னு இங்கிலீஷ்ல தேடுவாங்க. சிலர் தமிழ் எழுத்துல காய்ச்சல்னு தேடுவாங்க. மீதிப் பேர் தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிப்பாங்க: கே-ஏ-ஐ, கே-ஏ-ஏ-ஐ, கே-ஏ-ஒய், அதுக்கு அப்புறம் சிக்கு ஹெச் ஒண்ணா ரெண்டான்னு ஒரு குழப்பம். நான் எண்ணினவரைக்கும் ஒரே காய்ச்சலுக்குப் பதினோரு ஸ்பெல்லிங். என் அம்மா எதையுமே டைப் பண்ண மாட்டாங்க, மைக்கை அமுக்கிப் பேசுவாங்க. இன்னும் ஒரு பிரச்சினை: வைரல்னு தனியா போட்டா காய்ச்சலோட சேர்ந்து வைரல் வீடியோவும் வந்து கொட்டும்.

டிரெண்ட்ஸ்ல சொல்லா இல்லாம தலைப்பா தேடுற வசதி இருக்கு. அது பல மொழிச் சொற்களை ஒண்ணா சேர்த்துக் காட்டும். அதையும் நம்பிடாம, நம்ம ஊர்ச் சொல்லைத் தனியா போட்டு ரெண்டு கர்வையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது நல்லது.

சபா கேன்டீனும் இருமலும்

இந்தத் துறையோட பெரிய கதை கூகுள் ஃப்ளூ டிரெண்ட்ஸ். 2008 நவம்பர்ல வந்துச்சு. 2009ல நேச்சர் இதழ்ல கட்டுரை. 5 கோடி தேடல் சொற்களை எடுத்து, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தோட ஃப்ளூ கணக்கோட எது பொருந்துதுன்னு கம்ப்யூட்டரை விட்டுத் தேட வச்சு, 45 சொல்லைப் பொறுக்கினாங்க. அரசுக் கணக்கு வர ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும்; கூகுள் உடனே சொல்லிடும். உலகமே கை தட்டுச்சு. 2011ல டெங்குவுக்கும் ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அந்தப் பட்டியல்ல இந்தியாவும் இருந்துச்சு.

பொறுக்கும்போதே ஒரு கூத்து. ஃப்ளூவோட நல்லாப் பொருந்தின சொற்கள்ல பள்ளிக்கூடக் கூடைப்பந்தும் இருந்துச்சு. ரெண்டும் குளிர்காலத்துல வர்றது, அதனால. ஆய்வாளர்கள் அதைக் கையால தூக்கி வெளிய போட்டாங்க. இதை மயிலாப்பூருக்குக் கொண்டு வாங்க. டிசம்பர்ல இருமல், தொண்டைக் கட்டு தேடல் கூடும். அதே டிசம்பர்ல சபா கேன்டீன் மெனு தேடலும் கூடும். கம்ப்யூட்டர்கிட்ட விட்டா, கேன்டீன் அசோகா அல்வாதான் இருமலுக்கு அறிகுறின்னு சொல்லும். அக்டோபருக்கு வந்தா தி.நகர் ரங்கநாதன் தெரு, தீபாவளி ஆஃபர், பட்டுப் புடவை எல்லாம் டெங்குவோட அறிகுறிகள்.

சிரிச்சுட்டு விட்டுடாதீங்க, பாடமே இங்கதான். வருஷத்துக்கு ஒரு தடவை ஒரே சீசன்ல ஏறி இறங்குற ரெண்டு கோட்டை எடுத்தா அதுங்களுக்குள்ள கோரிலேஷன் அழகா வரும். அந்த அழகு எதையும் நிரூபிக்காது. ஐப்பசியில காய்ச்சல் வரும்னு சொல்ல டேட்டா சயின்ஸ் எதுக்கு, பாட்டி போதும். மாடல் பாட்டியை ஜெயிக்கணும்னா, வழக்கத்துக்கு மாறான வருஷத்தைப் பிடிச்சுக் காட்டணும்.

ஃப்ளூ டிரெண்ட்ஸ் தோத்தது சரியா அந்த இடத்துலதான். 2009 வசந்த காலத்துல பன்றிக் காய்ச்சல் சீசன் தப்பி வந்துச்சு. குளிர்காலத்தைப் பார்த்துப் பழகின மாடல் அந்த முதல் அலையைக் குறைச்சு மதிப்பிட்டுடுச்சு. 2012-13 சீசன்ல தலைகீழ்: உண்மையை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு காட்டுச்சு. 2014ல சயின்ஸ் இதழ்ல வந்த கட்டுரை, 2011 ஆகஸ்ட்லேர்ந்து பார்த்த 108 வாரத்துல 100 வாரம் அது அதிகமாவே சொல்லியிருக்குன்னு எண்ணிக் காட்டுச்சு. செய்தியைப் பார்த்துப் பயந்து தேடுறவங்க ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கூகுளே தன் பக்கத்தை மாத்திக்கிட்டே இருந்துச்சு. அறிகுறியைத் தேடினா நோய்ப் பேரை எடுத்துக் கொடுத்துச்சு, ஜனங்க அந்தப் பேரைத் தேடினாங்க. 2015 ஆகஸ்ட்ல ஃப்ளூ, டெங்கு ரெண்டையும் மூடிட்டாங்க. (இப்ப நம்ம வகுப்புல பல பேர் காய்ச்சலுக்குக் கூகுளே போறதில்ல, சாட்பாட்டைக் கேக்குறாங்க. அந்தக் கேள்வி எந்த டிரெண்ட்ஸ்லயும் ஏறாது.)

அப்போ என்ன செய்யணும்? அஞ்சாறு வருஷ டேட்டாவுல ஒவ்வொரு வாரத்துக்கும் சராசரி எடுங்க, எல்லா வருஷத்து 42வது வாரமும் ஒண்ணா, 43வது வாரமும் ஒண்ணா. அதை அந்தந்த வாரத்துலேர்ந்து கழிங்க. மீதி நிக்கிறதுதான் அந்த வருஷத்தோட செய்தி. நோய்க் கணக்குலயும் இதே மாதிரி கழிச்சு, மீதியை மீதியோட ஒப்பிடுங்க. ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தோட வாராந்திர அறிக்கைகள் மாவட்ட வாரியா நெட்லயே கிடைக்கும். முதல்ல வந்த அழகான நம்பர் இப்ப கரைஞ்சு போகும். எனக்குப் போச்சு. அன்னிக்குத்தான் ப்ரொபோசலோட முதல் வரியை அடிச்சேன்.

தீபாவளி இதுல நமக்குக் கிடைச்ச ஒரு வரம். மழை ஓரளவு ஒரே நேரத்துல வரும், ஆனா தீபாவளி நகரும்: 2023ல நவம்பர் 12, 2024ல அக்டோபர் 31, 2025ல அக்டோபர் 20. இருமல் தேடல் தீபாவளியோட சேர்ந்து நகர்ந்தா அது பட்டாசுப் புகை. நகராம நின்னா மழைக்காலச் சளி. ரெண்டும் கலந்து இருக்கிறதைப் பிரிக்க வேற சோதனையே வேண்டாம், பஞ்சாங்கம் போதும்.

கோடு படுத்துட்டா நோய் போச்சா?

2015 டிசம்பர் வெள்ளத்துல கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் அடையாறுத் தண்ணியில நின்னுச்சு. கரன்ட் இல்ல, சிக்னல் இல்ல. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கமும் அதேதான். வயித்துப்போக்கும் சேத்துப் புண்ணும் வர்றது அந்த மாதிரி நாள்லதான். ஆனா சார்ஜ் இல்லாத போன்லேர்ந்து யாரும் தேட முடியாது. சர்ச் டேட்டாவுல ரொம்ப மோசமான வாரம் அமைதியான வாரமா தெரியலாம்.

இதைவிட என்னை உறுத்தினது வேற. போன வருஷம் ஐப்பசி கடைசியில அடையார்ல எங்க ரூம்ல என் ரூம்மேட்டுக்குக் காய்ச்சல் வந்துச்சு. அவன் தேடின ஹிஸ்டரியை அவன் சம்மதத்தோட இங்க தர்றேன். முதல் நாள்: காய்ச்சல், உடம்பு வலி, கண்ணுக்குப் பின்னாடி வலி. ரெண்டாம் நாள்: வைரல் ஃபீவர் எத்தனை நாள் இருக்கும். மூணாம் நாள்: பிளேட்லெட் நார்மல் எவ்வளவு, பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் கஷாயம் எங்க கிடைக்கும். நாலாம் நாள் காலையில காய்ச்சல் விட்டுடுச்சு. குளிச்சான். உடம்பைப் பத்தி ஒண்ணும் தேடல. அஞ்சாம் நாள் மதியம் ஒரே ஒரு தேடல்: கேஸ் டிரபிள், வீட்டு வைத்தியம்.

அது கேஸ் டிரபிள் இல்ல. டெங்குவுல காய்ச்சல் குறையற நேரம்தான் ஆபத்தான கட்டம், பொதுவா மூணாம் நாள்லேர்ந்து ஏழாம் நாளுக்குள்ள, 24லேர்ந்து 48 மணி நேரம். ரத்தக் குழாய்லேர்ந்து நீர் கசிய ஆரம்பிக்கும். கடுமையான வயித்து வலி, நிக்காத வாந்தி, ஈறுலயோ மூக்குலயோ ரத்தம், எழுந்து உக்கார முடியாத அசதி, இதுல ஒண்ணு வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. உடம்பு வலிக்குன்னு இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போடக் கூடாது, ரத்தக் கசிவைக் கூட்டும். நாங்க ராத்திரி பத்து மணிக்கு ஆட்டோ பிடிச்சோம். இன்னும் அரை நாள் விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு டியூட்டி டாக்டர் சொன்னதை எழுத வேண்டாம்னு பார்க்கிறேன்.

அவன் ஒருத்தனோட கர்வை வரைஞ்சு பாருங்க. மூணு நாள் ஏறுது, நாலாம் நாள் பூஜ்யம். அஞ்சாம் நாள் தேடல் வேற நோயோட கணக்குல போய் விழுது. எந்த மாடலும் இதை "குணமாயிட்டான்"னுதான் படிக்கும். ஊர் முழுக்க இப்படி ஆயிரம் பேரைக் கூட்டினாலும், கோடு இறங்குற இடத்துல யார் தேறினாங்க, யார் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருக்காங்கன்னு அது சொல்லாது. தேடல் காய்ச்சலைத் தொடருது, ஆபத்து காய்ச்சல் போன பிறகு வருது. அதனால ரிப்போர்ட்ல கடைசியா ஒரு வரி சேர்த்தேன்: டெங்கு தேடல் உச்சத்துலேர்ந்து இறங்குற வாரத்துல ஆஸ்பத்திரியில படுக்கை எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி இந்த கர்வை யாரும் ஆதாரமா காட்டக் கூடாது.

இந்தக் கட்டுரைக்காக அந்த அஞ்சு நாள் லிஸ்ட்டை அவன்கிட்ட மறுபடி காட்டினேன். "நாலாம் நாள் ஒண்ணும் தேடலைன்னு போட்டிருக்கியே மச்சான், தப்பு. அன்னிக்கு ஃபுல்லா கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கிட்டு இருந்தேன்"னான்.